சாப்பிடாத பலாச்சுளை

சன்னலச் சாத்தாதீங்க தம்பி. காத்து வரட்டும். காலையில இருந்து எனக்கு உள்ளுக்குள்ள கொதிச்சுக்கிட்டு இருக்கு. இல்ல இல்ல, காய்ச்சல் கீய்ச்சல் எல்லாம் இல்ல. கோபம். வெறும் கோபம்தான்.

நீங்க எதுவரைக்கும்? கம்பமா? நாங்க சின்னமனூர்ல இறங்கிருவோம். நாங்கன்னா நானும் என் வீட்டுக்காரியும். அந்தா, முன்னாடி மூணாவது சீட்டு, பச்சைச் சேலை, சன்னலோரமா உக்காந்திருக்கா பாருங்க, அவதான். தமயந்தி. ஆரப்பாளையத்துல பஸ் ஏறுன உடனே நான் விறுவிறுன்னு பின்னாடி வந்து உக்காந்துட்டேன். அவளும் பின்னாடியே வந்திருக்கலாம்ல? வரல. அங்கனயே உக்காந்துட்டா. அம்புட்டு ரோசம்.

என்னா நடந்துச்சுன்னு கேளுங்க. நீங்க கேக்காட்டியும் நான் சொல்லத்தான் போறேன். சொல்லலேன்னா எனக்கு வெடிச்சிரும்.

என் பேரு சுருளிவேல். கரண்டு ஆபீஸ்ல ரீடிங் எடுக்குற வேலை. முப்பது வருசமா வீடு வீடாப் போயி மீட்டரப் பாத்து எழுதுறவன். சுருளிவேல் ஒரு யூனிட்டத் தப்பா எழுதிட்டான்னு சின்னமனூர்ல ஒரு ஆளச் சொல்லச் சொல்லுங்க பாப்போம். அவ பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளர். தெனமும் எத்தனை புள்ளைக வந்திருக்குன்னு பாத்து, அதுக்குத் தக்க அரிசிய நிறுத்து உலையில போட வைக்கிறவ. அந்தப் புள்ளைகளுக்கு எல்லாம் நிறுக்கத் தெரியுது. தனக்கு நிறுக்கணும்னா மட்டும் கசக்குது.

இப்பப் பாக்குறீங்களே, இந்த உடம்பு இல்ல தம்பி அவளுக்கு. மூணு வருசத்துக்கு முந்தி நூத்திப் பதினெட்டு கிலோ. சக்கரை, பிரசரு, முட்டி வலி. பள்ளிக்கூடத்துல மூணே படி. அந்த மூணு படிய ஏறிட்டு, தூணப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ராத்திரி மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டும்னு செவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குவா. எங்க மக கவிப்பிரியா ஓசூர்ல இருக்கா, அவதான் ஒத்தக் கால்ல நின்னா, ஆபரேசன் பண்ணியே தீரணும்னு. வயித்துல முக்கால்வாசிய வெட்டி எடுத்துட்டு, மிச்சத்த ஒரு வாழைக்கா அளவுக்குத் தச்சு விட்டுருவாங்க. அந்த ஆபரேசன். மதுரையிலதான் பண்ணோம்.

மூணாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயித்தத் தொட விட மாட்டேங்குறா. தச்ச எடத்துல ஒரு பொட்டு கசிவுன்னாங்க. நூத்துல ஒருத்தருக்கோ என்னமோ வருமாம், அது இவளுக்கு வந்துச்சு. திரும்பவும் தியேட்டருக்குக் கொண்டு போனாங்க. என்கிட்ட ஒரு பேப்பர நீட்டுனாங்க. கையெழுத்து போட்டேன். முப்பது வருசமா பேனா பிடிக்கிற கை தம்பி, என் பேர என்னால எழுத முடியல. சுருளின்னு மட்டும் எழுதிட்டு, 'வேல்'ங்குறத விட்டுட்டேன். அந்த நர்சம்மா, முழுசா எழுதுங்க சார்னு சொல்லுது.

ஒம்பது நாள் ஐசியூ. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, அஞ்சஞ்சு நிமிசம் உள்ள விடுவாங்க. மூக்குல குழா, கழுத்துல குழா. நான் என்னத்தப் பேசுறது? நின்னுட்டு வந்துருவேன்.

அவள வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு ஒரு சின்ன டாக்டரு என்னக் கூப்பிட்டுச் சொன்னாரு. சார், இனிமே உள்ள என்ன போகுதுன்னு நீங்கதான் பாத்துக்கணும். இதான் சொன்னாரு. என்கிட்டதான் சொன்னாரு. இது போதாதா? ஒரு மனுசனுக்கு ஒரு பொறுப்பக் குடுத்தா அவன் அதச் செய்யணுமா, வேணாமா?

செஞ்சேன். அதுவரைக்கும் நான் அடுப்படியில ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிச்சதில்ல. அவளுக்குப் பருப்புத் தண்ணி வடிச்சேன். மொதல்ல ஒரு மாசத்துக்கு மேல எல்லாம் தண்ணியாத்தான் குடுக்கணும், அதுவும் முப்பது மில்லி, முப்பது மில்லியா. மாத்திரைய இடிச்சுப் பொடியாக்கிக் குடுத்தேன். மக என் போன்ல ஒரு ஆப்ப ஏத்திக் குடுத்தா. என்னா சாப்பிட்டான்னு போட்டா அது கலோரி, புரோட்டின் எல்லாம் கணக்குப் போட்டுச் சொல்லும். அதுல நம்ம சாப்பாடு பாதி கெடையாது தம்பி. பணியாரம்னு போட்டா ஏதோ வெளிநாட்டு ரொட்டியக் காட்டுது. அதனால நான் தனியா நோட்டும் போட்டேன். தராசு ஒண்ணு வாங்குனேன், உள்ளங்கை அளவுதான், கிராம் கணக்குக்குக் காட்டும். இந்தா, பையிலதான் இருக்கு. அறுவது கிராம் புரோட்டின், ரெண்டு லிட்டர் தண்ணி, சாப்பிடுறப்போ தண்ணி குடிக்கக் கூடாது, முப்பது தடவை மெல்லணும். நான் எதிர்ல உக்காந்து எண்ணுவேன். அவ மெல்லுவா, நான் எண்ணுவேன்.

நூத்திப் பதினெட்டு எழுவத்தொண்ணு ஆச்சு. பதினாலு மாசத்துல. யாரால?

அதச் சொல்லுங்க. யாரால?

என்ன, என் வயித்தப் பாக்குறீங்க? எனக்கு உடம்பு வாகு அப்படி. எங்கப்பாவுக்கும் இப்படித்தான். சக்கரை இருக்கு, மாத்திரை போடுறேன். இப்ப என்னப் பத்தியா பேச்சு? ...ஏம்மா, பஜ்ஜி எவ்வளவு? வாழைக்காயா? நாலு குடு. உசிலம்பட்டியில இவங்க போடுறது நல்லா இருக்கும் தம்பி. எடுத்துக்கோங்க. ஒண்ணு எடுத்துக்கோங்க. வேணாமா? சரி.

அவ என்னமோ வாங்குறா பாருங்க. சன்னல் வழியா. எனக்கு இங்கன இருந்து தெரியல. தம்பி, கொஞ்சம் எந்திரிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன். சும்மா, மேல பைய வைக்கிற மாதிரி எந்திரிங்க. என்னா அது? கொய்யாக்காவா? உப்பு மொளகா தடவுனதா? ஒண்ணுதானே? ரெண்டு இல்லியே? நல்லாப் பாத்தீங்களா?

சரி உக்காருங்க.

ஆபரேசன் முடிஞ்சு வார்டுல இருந்தப்போ பக்கத்துக் கட்டில்ல அருப்புக்கோட்டைக்காரம்மா ஒண்ணு இருந்துச்சு. இவளுக்கு மூணு மாசம் முந்தியே இதே ஆபரேசன் பண்ணுனது, வேற எதுக்கோ வந்து படுத்திருந்துச்சு. நல்லா எளைச்சுச்சு. பெறகு, எல்லாம் சரியாப் போச்சுன்னு கவனத்த விட்டுருச்சு. போன வருசம் செக்கப்புக்கு வந்தப்போ பாத்தோம். எறங்குனதுல முப்பது கிலோ திரும்ப ஏறிருச்சு. எங்களப் பாத்துட்டு அந்தம்மா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கமாப் போயிருச்சு. நான் தமயந்திகிட்டச் சொன்னேன், பாத்துக்கோ, எழுதாம விட்டா இதான் கதின்னு. அவ அந்தம்மா பின்னாடி போயி என்னமோ பேசிட்டு வந்தா. என்னா பேசுனான்னு என்கிட்டச் சொல்லல.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நான் அவளக் கொடுமப்படுத்தல. இப்ப அவ சொல்றதக் கேட்டா நான் என்னமோ ராட்சசன் மாதிரி இருக்கும். போன தை மாசம் அவ அண்ணன் மகளுக்கு வளைகாப்பு, கம்பத்துல. அஞ்சு வகை சாதம், வடை, பாயசம். எல்லாரும் இலையில உக்காந்திருக்கோம். நான் என்னா பண்ணுனேன்? தராச எடுத்து வச்சேன். ஒரு தட்டு கேட்டு வாங்கி, புளிசாதத்த அதுல வச்சு நிறுத்தேன். நாப்பத்தெட்டு கிராம். தயிர்சாதம் முப்பது. வடையில பாதியப் பிச்சுட்டு நிறுத்தேன். அம்புட்டுதான். அவ மதினிக்காரி சிரிக்கிறா, அண்ணன் என்னா தங்கம் நிறுக்கிறாப்ல நிறுக்குறாருன்னு. பந்தி முழுக்கச் சிரிச்சுச்சு. நானும் சிரிச்சேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு தம்பி, பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்குற ஒருத்தன் அந்தப் பந்தியில வேற எவன் இருந்தான்? இவ எதையும் தொடல. கையக் கழுவிட்டு எந்திரிச்சுட்டா. வயிறு சரியில்லன்னா. நானும் நம்பி, அன்னைக்கு நோட்டுல 'வயிறு சரியில்லை, தண்ணீர் 200 மில்லி'ன்னு எழுதுனேன்.

அதெல்லாம் இருக்கட்டும். இன்னைக்கு நடந்ததச் சொல்றேன்.

இன்னைக்கு மூணாம் வருச செக்கப்பு. பெரிய டாக்டரு. நான் நோட்டு மூணையும் எடுத்துட்டுப் போனேன். எடை பாத்தாங்க, எழுவத்தொண்ணு. போன வருசமும் எழுவத்தொண்ணு. ரத்தம் எல்லாம் சரியா இருக்கு, இரும்புச் சத்து சரியா இருக்கு. டாக்டருக்கு ஒரே சந்தோசம். ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா, எறக்குறதவிட அதே எடத்துல நிப்பாட்டுறதுதான் கஷ்டம், எப்படிம்மான்னு கேட்டாரு. நான் நோட்ட மேசை மேல வச்சேன். சார், இதான் சார் காரணம், ஒரு நாள் விடல, ஒரு வேளை விடலன்னேன்.

அப்ப இவ சொல்றா. மெதுவா, எங்கயோ பாத்துக்கிட்டுச் சொல்றா.

"டாக்டர், நான் அளக்குறத விட்டு பதினோரு மாசம் ஆச்சு."

எனக்கு வெளங்கல. "எதச் சொல்ற?"ன்னேன்.

"அளக்குறது, எண்ணுறது, எழுதிக்கிறது. எல்லாத்தையும்தான். பசிச்சா சாப்பிடுறேன். போதும்னு தோணுனா வச்சுர்றேன். மொதல்ல புரோட்டின், பெறகு மத்தது, அது மட்டும் பாத்துக்குவேன். மாத்திரை விடல."

"அப்ப இது என்னாடி?" நோட்டப் பிரிச்சுக் காட்டுறேன். "தெனமும் நீ சொல்லித்தானே எழுதுனேன்?"

"அது சும்மா சொன்னது."

சும்மா. பாத்தீங்களா? பதினோரு மாசம். தெனமும் மூணு வேளை. நானும் வேலைக்குப் போயிர்றேன், அவளும் பள்ளிக்கூடம் போயிர்றா, சாயங்காலம் கேட்டுத்தான் எழுதணும். இட்லி ஒண்ணரை, முட்டை ஒண்ணு, சுண்டல் அம்பது கிராம்னு கணக்காச் சொல்லுவா. அம்புட்டும் பொய். என் வாழ்க்கையில நான் தப்பு ரீடிங் எழுதுனதே இல்ல தம்பி. ஒரு வீடு பூட்டியிருந்தா பூட்டியிருந்துச்சுன்னுதான் எழுதுவேன், மனசுல தோணுனத எழுத மாட்டேன். என் கையால பதினோரு மாசம் பொய்ய எழுத வச்சிருக்கா.

ஜூலை மாசம் ஒரு நாள், அவ பள்ளிக்கூடத்து ரோசாப்பூ டீச்சர் வீட்டுப் பலாச்சுளை ஒண்ணு சாப்பிட்டேன்னா. நான் தாம்தூம்னு குதிச்சேன். இனிப்பு ஏறும்னு தெரியாதா, ஒரு சுளைன்னு ஆரம்பிச்சுத்தான் அருப்புக்கோட்டைக்காரி கதையாச்சுன்னு கத்துனேன். ரெண்டு நாள் அவகூடப் பேசல. டாக்டர் முன்னாடியே கேட்டேன், அந்தப் பலாச்சுளையாவது நெசமாடின்னு.

"இல்லீங்க. டீச்சர் அன்னைக்கு ஊர்லயே இல்ல."

சாப்பிடாத சுளைக்கு நான் ரெண்டு நாள் பேசாம இருந்திருக்கேன்!

"அப்ப எதுக்குடி அதச் சொன்ன? பொய் சொல்றதுன்னா நல்லதாச் சொல்ல வேண்டியதுதானே?"

அதுக்கு அவ என்னா சொல்றா தெரியுமா? "தெனமும் ஒண்ணே மாதிரி சொன்னா உங்களுக்குச் சலிச்சுரும்ல."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துருச்சு. வாயப் பொத்திக்கிட்டாரு. பெறகு அவகிட்டக் கேட்டாரு, விட்டுட்டேன்னு அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா, எதுக்கு இத்தன நாள் இப்படின்னு. நல்ல கேள்வி. நான் கேக்க வேண்டிய கேள்வி. இதுக்கு அவ சொன்னதுதான் தம்பி, காலையில இருந்து என்னப் போட்டு அறுக்குது.

"வளைகாப்புக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே விட்டுட்டேன் டாக்டர். சொல்லணும்னுதான் இருந்தேன். சாயங்காலம் ஏழு மணிக்கு நோட்ட எடுத்துட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. இன்னைக்கு என்னா சாப்பிட்டன்னாரு. கல்யாணம் ஆகி இருவத்தாறு வருசத்துல அவர் என்கிட்டக் கேக்குறது இது ஒண்ணுதான். விட்டுட்டேன்னு சொன்னா இதையும் கேக்க மாட்டாரு. அதான் சொல்லிக்கிட்டே இருந்தேன்."

இப்படிச் சொல்லலாமா? மூணாம் மனுசன் முன்னாடி? டாக்டரு சிரிப்ப நிப்பாட்டிட்டு மேசையில இருந்த பேனாவ எடுத்து எடுத்து வைக்கிறாரு. என்னப் பாக்க மாட்டேங்குறாரு. பெறகு சொல்றாரு, "சார், நோட்டு இனி வேணாம் சார். அவங்களுக்கே தெரியுது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா எடை பாத்தா போதும்."

அவங்களுக்கே தெரியுது! எப்படித் தெரியும்? எப்படி தம்பி ஒரு ஆளுக்குத் தெரியும், போதும்னு? அந்தா பாருங்க, பாதிக் கொய்யாவத் தின்னுட்டு மிச்சத்தக் காகிதத்துல சுத்துறா. பாதியோட நிப்பாட்டணும்னு அவளுக்கு யாரு சொன்னா? நான் இங்கல்ல இருக்கேன்? ...நான் நாலு பஜ்ஜியும் தின்னுட்டேனா? பேசிக்கிட்டே கவனிக்கல.

நான் கேக்கலன்னு சொல்றாளே. என்னத்தக் கேக்கணும்? நான் என்னா ஊதாரியா, குடிகாரனா? மாசம் பொறந்தா வீட்டுக்கு என்னா வேணுமோ வாங்கிப் போட்டுர்றேன். அவ வேலைக்குப் போயிட்டு வர்றா, நான் வேலைக்குப் போயிட்டு வர்றேன். என்னா கேக்கணும்? பள்ளிக்கூடத்துல என்னா நடந்துச்சுன்னா? என்னா நடக்கும், புள்ளைக சாப்பிட்டுருக்கும். அந்த ஐசியூவுல ஒம்பது நாளும் ஒரு நாளைக்குப் பத்து நிமிசம் நின்னேனே, அப்பக்கூட எனக்குப் பேச ஒண்ணும் தோணலயே, இப்ப எங்க இருந்து தோணும்? அதுக்குத்தான் தம்பி அந்த நோட்டு. அதப் பிரிச்சா கேக்குறதுக்கு ஒண்ணு இருக்கும். இட்லி எத்தனன்னு கேக்கலாம். அவ சொல்லுவா. சில நாள் அரை மணி நேரம் போகும் தம்பி. அந்த ரோசாப்பூ டீச்சர் மருமக சண்டை எல்லாம் அப்படித்தான் எனக்குத் தெரியும். சட்னியில ஆரம்பிச்சு எங்கெங்கயோ போவா. நானும் எழுதுறத விட்டுட்டு கேட்டுக்கிட்டு இருப்பேன்.

அதுவும் பொய்தானோ என்னமோ. அந்த மருமக சண்டையும்.

இல்ல, நான் அழல. காத்துல தூசி. ஆண்டிப்பட்டிக் கணவாய் தாண்டுனா இப்படித்தான். கோபந்தான் தம்பி, சொன்னேன்ல. இருவத்தாறு வருசம் கழிச்சு ஒரு டாக்டர் முன்னாடி வச்சு என்ன இப்படிச் சொல்லிட்டாளே. வீட்டுல வச்சுச் சொல்லியிருந்தா? கத்தியிருப்பேன். கத்தியிருப்பேன்தான். அதுக்காக?

தேனி வந்துருச்சு. இங்க பத்து நிமிசம் போடுவான். பாதிக் கூட்டம் எறங்கிரும். ...அவ பக்கத்துல இருந்த அம்மா எறங்கிருச்சு. ஆமா, சீட்டு காலியாத்தான் இருக்கு. நீங்க என்னா, என்னப் போகச் சொல்றீங்களா? போக மாட்டேன். போயி? சின்னமனூருக்கு முக்கா மணி நேரம் ஆகும். முக்கா மணி நேரம் நான் என்னத்தப் பேசுறது? அவளுக்கு வேணும்னா வரட்டும். அங்க இருந்து இங்க வர எத்தன அடி? இப்பதான் நல்லா நடக்குறாளே.

பாருங்க, பாருங்க. கைப்பைய எடுத்துப் பக்கத்து சீட்டுல வச்சுட்டா. பாத்தீங்களா? நான் வந்துரக் கூடாதுன்னு வச்சிருக்கா. இது திமிரா இல்லியா?

அந்த மஞ்சச் சேலைக்கார அம்மா என்னமோ கேக்குது. உக்காரட்டான்னு கேக்குது போல. தலைய ஆட்டுறா. எடம் இல்லங்குறா. காலி சீட்ட வச்சுக்கிட்டு வயசான அம்மாவ உக்கார விட மாட்டேங்குறாளே! இந்த புத்தி இவளுக்கு எப்ப வந்துச்சு? இப்படிப் பண்றவ இல்லியே இவ. அந்தம்மா பாவம் பின்னாடி போகுது. ரெண்டாவது ஆளு ஒண்ணு கேக்குது. அதுக்கும் இல்லங்குறா.

திரும்பிப் பாக்குறா. இங்கதான் பாக்குறா. தம்பி, உங்களத் தெரியுமா அவளுக்கு? தெரியாதுல்ல. பெறகு என்னத்தப் பாக்குறா? இப்ப அந்தப் பைய எடுத்து மடியில வச்சுக்கிட்டா. வச்சுக்கிட்டு இன்னும் இங்கயே பாக்குறா. ஏன், என்னா வேணுமாம்?

கண்டக்டர் விசில் அடிச்சுட்டான். இருங்க தம்பி, என்னான்னு கேட்டுர்றேன். இம்புட்டுப் பேரு முன்னாடி ஒரு சீட்டப் பிடிச்சு வச்சுக்கிட்டு, என்னாடி நெனச்சுக்கிட்டு இருக்கன்னு கேட்டுர்றேன். நறுக்குன்னு கேக்கணும். விட்டா இவ தலைக்கு மேல போயிருவா.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க. வழி விடுங்க, தம்பி.